காணாமற்போன பதினேழு படங்கள்

அனந்தனுக்கு எண் தப்பினால் சோறு இறங்காது. அவன் அப்பா வல்லிபுரம், ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். மாடிப்படியைக்கூட எண்ணிக்கொண்டு ஏறுகிற குடும்பம். அதனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம், சுங்கைப்பட்டாணி வீட்டில் கேமரா கார்டைக் கணினியில் செருகியதும், அவன் படங்களைப் பார்க்கவில்லை. படங்களின் எண்களைப் பார்த்தான். 212, ஒரு காட்டுக்கோழி. அடுத்தது 230, ஒரு பன்றி.

நடுவில் பதினேழு படங்களைக் காணோம்.

போன வாரக் கார்டில் ஒன்பது குறைந்திருந்தது. அதற்கு முந்தின வாரம் ஐந்து. கேமராவுக்கு ஏதோ கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று அப்போது மனசைத் தேற்றிக்கொண்டு, கார்டுகளைத் துடைத்து மறுபடி பயன்படுத்திவிட்டான். ஆனால் பதினேழு படத்தை எந்தக் கேமராவும் தானாக விழுங்காது. யாரோ உட்கார்ந்து நிதானமாக அழித்திருக்கிறார்கள். அது யார் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தக் கார்டைத் தொடுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒன்று அவன், மற்றது ஜோசபின்.

இருபது வருஷமாகக் காட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பிழைக்கிறவன் அனந்தன். இந்த வருஷம் ஒரு வனப் பாதுகாப்புச் சங்கம் அவனை அமர்த்தியிருந்தது. பாடாங் மேஹா பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கும் மலைக்கும் நடுவே ஒரு துண்டுக் காடு மிஞ்சிக் கிடக்கிறது. அதை வெட்டவிடாமல் தடுக்க வேண்டுமானால் உள்ளே என்னென்ன உயிர் இருக்கிறது என்று படத்தோடு காட்ட வேண்டும். ஓடையோர மரம் ஒன்றில் இடுப்பு உயரத்தில் அனந்தன் ஒரு கேமராவைக் கட்டினான். எதிரில் எது அசைந்தாலும் தானே படமெடுத்துக்கொள்ளும் வகை அது. மூன்றாம் வாரமே அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு தாய் எறும்புத்தின்னி, வாலின் மேல் குட்டியை ஏற்றிக்கொண்டு, தண்ணீர் குடிக்க வந்திருந்தது.

சந்தோஷம் வந்த கையோடு பயமும் வந்தது. எறும்புத்தின்னியின் செதிலுக்குக் கடல் கடந்து வாங்க ஆள் காத்திருக்கிறான். இடம் தெரிந்தால் போதும், தாயும் குட்டியும் மறுநாளே சாக்குக்குள். அதனால் கேமரா கட்டிய இடத்தைச் சங்கத்து ஆளிடம்கூட அனந்தன் சொல்லவில்லை. கார்டு மாற்றுகிற ஜோசபினிடம் மட்டும் சொல்லித்தானே ஆக வேண்டும்? அவளிடம் மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

ஜோசபின் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டி, பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு உதிரிப் பழம் பொறுக்கி, முட்டி தேய்ந்து நின்றுபோன விதவை. ஐம்பத்திரண்டு வயசு. அவளுக்குக் காட்டு வழி அத்துப்படி என்று தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் குழந்தைவேலுதான் சிபாரிசு செய்தார். சனிக்கிழமைதோறும் பழைய கார்டை எடுத்துப் புதியதைப் போட வேண்டும். படம் விழுந்திருக்கிறதா என்று உள்ளங்கை அளவுப் பெட்டியொன்றில் பார்த்துவிட்டு, உறையிலிட்டு அவனிடம் தர வேண்டும். அந்தப் பெட்டியில் படத்தை அழிக்கிற பொத்தானும் உண்டு. “இத மட்டும் தொட்டுறாதீங்க அக்கா, படம் அழிஞ்சி போயிரும்” என்று அந்தப் பொத்தானைச் சுட்டிக் காட்டியதும் இந்தப் புத்திசாலி அனந்தன்தான்.

ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் எதைப் பார்த்தாலும் அதற்குத் தீனிதான். அனந்தனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முதல் நாள் அவனை ஓடைக்குக் கூட்டிப் போனபோது, வளைவு திரும்புகிற இடத்தில் நின்று ஜோசபின் வாயில் கைகுவித்துக் கத்தினாள்: “ஓய்... ஆள் வருதூ!” காட்டில் ஒரு குருவி மிச்சமில்லாமல் பறந்துபோனது. எரிச்சலோடு கேட்டான், யாருக்கு இந்தக் குரல் என்று. “பழக்கம் சார்” என்றாள். அவ்வளவுதான். அன்று அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று விட்டுவிட்டான். இன்று யோசித்தால் அது சைகை. கீழே இருக்கிற கண்ணிக்காரனுக்கு, ஓடிப் போ என்று கொடுத்த சைகை.

அப்புறம் அந்தச் சவுக்காரம். போன மாதம் தனியாகப் போயிருந்தபோது, ஓடைப் பாறை இடுக்கில் நீலச் சவுக்காரத் துண்டு ஒன்று ஈரமாக ஒட்டிக் கிடந்தது. வேட்டைக்காரர்கள் அங்கேயே தங்கிக் குளித்துச் சாப்பிட்டு வேலை பார்க்கிறார்கள் என்று அப்போதே குறித்து வைத்துக்கொண்டான். ஜோசபினிடம் சொன்னதற்கு அவள் முகம் மாறியது.

“அந்த எடம் சரியில்ல சார். மேல, பாறைக்கு அந்தாண்ட கொண்டு போயி கட்டிருங்களேன்.”

“ஏன், என்ன சரியில்ல?”

“சரியில்ல லா சார்” என்று காலைப் பார்த்தாள்.

இடத்தை மாற்ற முடியாது, எறும்புத்தின்னியின் தடம் அங்கேதான் என்று சொல்லிவிட்டான். படம் குறைய ஆரம்பித்தது அதற்கு அடுத்த வாரத்திலிருந்து.

எல்லாவற்றுக்கும் மேலே கரங்கான் டவுனில் கண்ட காட்சி. புதன்கிழமை அங்கே கோப்பி குடிக்க இறங்கியவன், இரும்புக்கடை வாசலில் ஜோசபினையும் இன்னும் மூன்று பெண்களையும் பார்த்தான். லாரியில் இரண்டு பெரிய நீலத் தோங்குப் பீப்பாயை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூடி போட்டது, ஓர் ஆளே உட்காரலாம். எதற்கு என்று கேட்டான். “தண்ணி புடிக்க சார்” என்றாள். தண்ணீர் பிடிக்கவாம்! குழாயைத் திருகினால் கொட்டுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்தப் பதிலில் ஒரு பொட்டு உண்மைகூடத் தென்படவில்லை. அந்தத் தோங்குக்குள் தாய் எறும்புத்தின்னி சுருண்டு கிடப்பதையே மனக்கண்ணில் பார்த்தான்.

அழித்த படம் உடனே அழிந்துவிடுவதில்லை. அதன் மேல் வேறு படம் விழாதவரை கார்டிலேயே கிடக்கும். அதைத் தோண்டி எடுக்கிற மென்பொருள் அனந்தனிடம் இருந்தது. வீட்டிலேயே ஓட்டிப் பார்த்திருக்கலாம். சாட்சியில்லாமல் எடுத்தால் நாளைக்கு அவனே ஏதோ செய்துவிட்டான் என்று பேச்சு வரும் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டான். உண்மை என்னவென்றால், படம் திரையில் வரும்போது ஜோசபின் முகம் போகிற போக்கை அவன் நேரில் பார்க்க ஆசைப்பட்டான்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குத் தோட்டத்து ஆபீசில் கூடினார்கள். சங்கத்திலிருந்து கென்னத் வந்திருந்தான். மண்டோர் குழந்தைவேலு மேசைக்கு அந்தப் பக்கம். ஜோசபின் தலையில் போட்ட துண்டோடு வந்து கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“தனியா கேட்டுப் பாக்கலாமே பிரோ” என்று கென்னத் காதைக் கடித்தான். அனந்தன் தலையாட்டி மறுத்தான்.

“ஜோசபின், கார்டுல இருந்து படத்த அழிச்சது நீங்கதானா?” அக்கா என்பது கழன்றுபோயிருந்தது.

“ஆமா சார். நான்தான் அழிச்சேன்.”

இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

“ஏன்?”

ஜோசபின் மண்டோரைப் பார்த்தாள். கென்னத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். “தேவையில்லாத படம் சார்.”

“தேவையா இல்லையான்னு நான்தான் சொல்லணும். அதுல யாரு இருந்தா? யாருக்கு எடத்தக் காட்டிக் குடுத்தீங்க?”

“மாதா சத்தியமா யாருக்கும் காட்டல சார்.”

குழந்தைவேலு பொறுமையிழந்தார். “சொல்லித் தொலைக்கா. இது வனவிலங்கு இலாகாவுக்குப் போச்சின்னா உன் லயத்து வீடும் போயிரும். அப்புறம் என்னைய வந்து கேக்காத.”

“வீடு போனா போவட்டும் தம்பி.”

அந்தத் தெனாவட்டு அனந்தனுக்குப் பொறுக்கவில்லை. கணினியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தான். கார்டைச் செருகினான். பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்தது.

“என்ன சார் பண்றீங்க?”

“நீங்க அழிச்சதத் திருப்பி எடுக்கிறேன்.”

ஜோசபின் முதல்முறையாகப் பதறினாள். மேசையருகே ஓடி வந்தாள். “வேணாம் சார்! இங்க வேணாம். ஆம்பளைங்க இருக்காங்க... நீங்களும் பாக்காதீங்க சார், சொன்னா கேளுங்க!”

கையும் களவுமாகப் பிடிபட்டவள் இப்படித்தான் கத்துவாள் என்று அனந்தன் நினைத்தான். ஆம்பளைங்க என்ற சொல் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

213 திரையில் விரிந்தது. நல்ல பகல் வெளிச்சம். ஓடையில் ஒரு பெண், மார்புக்கு மேல் கட்டிய கைலி நனைந்து ஒட்டியிருக்க, தலையெல்லாம் சவுக்கார நுரையோடு, நீல வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். முகம் பளிச்சென்று தெரிந்தது. 214இல் வேறொருத்தி கைலி மாற்றிக்கொண்டிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். அடுத்தது வருவதற்குள் ஜோசபின் தன் தலைத் துண்டை உருவித் திரையின் மேல் வீசி, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கென்னத் எழுந்து சன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டான்.

“மொதப் படத்துல இருந்தது என் சம்சாரம், பிரேமாவதி” என்றார் குழந்தைவேலு. கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் அனந்தனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். “ஒரு மாசமா லயத்துக்குத் தண்ணி ஒழுங்கா வர்ல சார். தண்ணி நின்னா பொம்பளைங்க எப்பவும் ஓடைக்குத்தான் குளிக்கப் போவாங்க. ஆம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் போவ மாட்டோம். போனாலும் வளைவுல நின்னு குரல் குடுத்துட்டுத்தான் போவோம். நீங்க கேமராவ அங்கயா கட்டினீங்க?”

கத்தல், சவுக்காரம், தோங் எல்லாம் அனந்தன் எதிரிலேயே திறந்து கிடந்திருக்கின்றன. கேட்டபோதெல்லாம் அவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா.”

“எப்படிச் சார் சொல்றது? பொம்பளைங்க குளிக்கிற படம் உங்க பெட்டியில இருக்குன்னு உங்ககிட்டயே சொல்லவா? எடம் சரியில்லன்னு சொன்னேன், நீங்க கேக்கல.” துண்டிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. “அவங்ககிட்டயும் சொல்ல முடியல. சத்தியம் வாங்கிட்டீங்க. சொல்லியிருந்தா அன்னிக்கே கேமராவ ஒடச்சிப் போட்டிருப்பாங்க. தாயும் குட்டியுமா ஒரு தெங்கிலிங் இருக்கு, அதக் காப்பாத்தத்தான் இதெல்லாம்னு சொன்னீங்களே. பாவமா இருந்துச்சி. அதான் நானே ஒக்காந்து ஒண்ணொண்ணா அழிச்சேன்.”

அனந்தன் கார்டைப் பிடுங்கினான். “எல்லாத்தையும் இப்பவே, உங்க கண்ணு முன்னாலயே அழிச்சிர்றேன்.”

“நானும்தான் அழிச்சேன்” என்றாள் ஜோசபின். “அழிஞ்சிருச்சின்னு நெனச்சேன். நீங்க திருப்பிக் கொண்டாந்துட்டீங்க. இனிமே நீங்க அழிச்சேன்னு சொன்னா யாரு சார் நம்புவா?”

குழந்தைவேலு கையை நீட்டினார். அனந்தன் கார்டை அதில் வைத்தான். கார்டை வாங்கிய பிறகும் கை மடங்கவில்லை, கணினியையும் கேட்டது. கணினியில் நாலு மாத வேலை இருந்தது. எறும்புத்தின்னியின் படம் மட்டும் முன்பே கென்னத்திடம் போயிருந்தது. துண்டு மூடியபடியே கணினியை மேசையின் அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு அனந்தன் வெளியே வந்தான்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, கேமராவைக் கழற்ற அவன் தனியாக வந்தான். வளைவில் கால் தானாக நின்றது. நாலு மாதமாக இந்த வழியில் வாயை மூடிக்கொண்டு நடந்திருக்கிறான், சத்தம் போட்டால் விலங்கு கலைந்துவிடும் என்று. அவன் கட்டிய கேமராவும் அப்படித்தான், வாய் திறக்காமலே போய் உட்கார்ந்துகொண்டது.

“ஆள் வருது!” என்றான். பக்கத்து மரத்துக்குக்கூடக் கேட்டிருக்காது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி கத்தினான். “ஓய்... ஆள் வருதூ!”

கீழே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பும் தண்ணீர்ச் சத்தமும் சட்டென்று நின்றன.

“யாரது?”

“அனந்தன். கேமராவக் கழட்ட வந்தேன்.”

கீழே குசுகுசுவென்று பேச்சு. பிறகு ஜோசபினின் குரல். “அங்கயே நில்லுங்க.”

யாரும் சொல்லாமலே அவன் ஓடைக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றுகொண்டான். எவ்வளவு நேரம் நின்றான் என்று எண்ணவில்லை. கொசு கடித்தது, கையைக்கூட அசைக்கவில்லை.

செருப்புச் சத்தம் ஏறி வந்தது. ஈரத் தலையோடு ஜோசபின். கேமராவை ஒரு பழைய துண்டில் நாலாக மடித்துச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டுக் கொண்டு வந்திருந்தாள்.

“வீட்டுக்குப் போயி அவுத்துக்குங்க சார்.”

“அக்கா, என்னை மன்னிச்சிருங்க.”

“தெங்கிலிங் நேத்து வந்திருக்கு சார். வால் இழுத்த தடம் கெடக்கு. நாங்க பாத்துக்குறோம், நீங்க போங்க.”

மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் நடந்தான். பாதி வழியில் திரும்பிப் பார்த்தான். ஜோசபின் வளைவிலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பனைச் சாலையில் நிறுத்தியிருந்த காருக்குப் போய்ச் சேர்ந்து மறுபடி பார்த்தபோதும் அங்கேயேதான் நின்றாள். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றுவதற்குள், காட்டுப் பக்கமிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

“ஓய்... ஆள் போயிருச்சீ!”