எடுத்துக் கொடுத்த வசனம்

டாக்கிப் படத்துக்கு வசனம் எழுதுகிறவன் என்றால் நடிகைகளோடு காப்பி குடிக்கிறவன் என்றுதான் திருச்சியில் நினைத்தார்கள். நான் குடித்ததெல்லாம் ஸ்டூடியோ பின்வாசலில், தனியாக. ஏழு படம் எழுதினேன். ஆறில் முதலாளியின் மருமகன் பெயரைப் போட்டார்கள். ஏழாவதில் ‘நிஜாமுதீன்’ என்று என் பெயரே வரும் என்றார்கள். ஆறு முறை பட்டும் புத்தி வராமல் நம்பினேன்.

பெயர் வேண்டியிருந்தது ஜீனத்துக்காக. என் மனைவி. மூன்று வருஷமாகத் திருச்சியிலேயே, புத்தூரில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். எங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தந்தி வந்தபோது நான் மெட்ராஸில் இருந்தேன். ஒரு காட்சி பாக்கி, இரண்டு நாளில் கிளம்பலாம் என்று இருந்துவிட்டேன். வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஜீனத் ஒரு வார்த்தை திட்டவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று முறை அவள் வாசல்வரை போய்த் திரும்பினேன். ஊருக்கெல்லாம் வசனம் எழுதியவனுக்கு அங்கே வாய் எழவில்லை. அதனால் சொல்ல முடியாததை ஏழாவது படத்தில் எழுதினேன். குழந்தையை இழந்த மனைவி முன் கணவன் நிற்கும் காட்சி. படம் ஊருக்கு வந்ததும் அவளுக்குக் கடிதம் போட்டேன்: என் பெயர் வரும், போய்ப் பார், அந்த வசனம் உனக்குத்தான்.

அந்தக் கதாநாயகருக்கு வசனம் மனசில் நிற்காது. நாடகத்தில் செய்வதுபோல, காமிராவுக்குத் தெரியாமல் கட்டிலுக்குப் பின்னால் குந்திக்கொண்டு நான்தான் வரி வரியாக எடுத்துக் கொடுப்பேன். அந்தக் காட்சி எடுத்த அன்று என்னையே மறந்துவிட்டேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன், மைக்கில் விழுந்துவிட்டது. யுத்தத்தில் பிலிம் கிடைக்காத காலம். மறுபடி எடுக்க முடியாது, ஜனங்களுக்குக் கேட்காது என்று விட்டுவிட்டார்கள்.

முதல் நாள் மத்தியானக் காட்சிக்குப் போய் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தேன். பெயர்களில் மருமகன்தான் வந்தார். அந்தக் காட்சியில் கதாநாயகர் வாயைத் திறக்குமுன்பே என் குரல் கேட்டது.

“தந்தி வந்த அன்றே நான் கிளம்பியிருக்க வேண்டும்.”

கொட்டகையே சிரித்தது. தடுப்புக்கு அப்பால் பெண்களும் சிரித்தார்கள். எழுந்து வெளியே வந்து காவிரிப் பாலத்தில் வெகுநேரம் நின்றேன். எதிரே ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஜீனத் வந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

பத்தாம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். இனி ஒளிந்துகொள்ள எனக்கு இடமில்லை. புத்தூருக்கு நடந்தேன், கதவைத் தட்டினேன். உள்ளே காலடி வந்து கதவருகில் நின்றது. கதவு திறக்கவில்லை.

“ஜீனத், நான்தான்” என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. தெருவில் ஒரு ஜட்கா போயிற்று.

கதவுக்குப் பின்னாலிருந்து, வரி எடுத்துக் கொடுக்கிறவர்கள் பேசும் தணிந்த குரலில் அவள் சொன்னாள்: “தந்தி வந்த அன்றே...”

மீதியை நான் அழுதுகொண்டே சொன்னேன்.