வாந்தி நிறுத்தும் காப்பு

என் வீட்டுக்காரர் எட்சன் வாந்தியை நிறுத்தப் புறப்பட்டவர். உலகத்தில் நிறுத்த வேண்டியது எவ்வளவோ கிடக்கிறது. குடியை நிறுத்தலாம், வாய்ப்பேச்சை நிறுத்தலாம். இவருக்கு வாந்திதான் அகப்பட்டது.

ஓசூர் சிப்காட்டில் மெயின்டெனன்ஸ் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். ஒருநாள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அஞ்செட்டி வீட்டு முன்னறையைக் கம்பெனி ஆக்கினார். அங்கே பிறந்தது ஒரு ரப்பர் காப்பு. மணிக்கட்டில் மாட்டிப் பொத்தானை அமுக்கினால் விர்ரென்று அதிரும். நரம்பு அதிர்ந்தால் குமட்டல் அடங்கிவிடுமாம். உள்ளே இருந்தது பழைய செல்போன்களில் கழற்றிய மோட்டார். நான் கேட்டதற்கு, உனக்கு டெக்னாலஜி புரியாது என்றார். சரி, புரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன் என்று சோறு வடிக்கப் போய்விட்டேன்.

காப்பு தயார், காசு போட ஆள் இல்லை. முதலில் பாகலூரில் ரோஜா ஷெட் போட்டுச் சம்பாதித்த ராஜப்பனிடம் போனார். அவர் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, எலுமிச்சம்பழம் சார்ஜ் போடாமயே வேலை செய்யுதே" என்றாராம். அந்த ஆளுக்கு விஷன் இல்லை என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தார் இவர்.

அடுத்து அகப்பட்டவர் வெங்கடப்பன். பிறந்தது ஓசூர், பிழைப்பது பெங்களூர். விசிட்டிங் கார்டில் வெங்கி. தமிழில் தொடங்கி, கன்னடத்தில் வளைந்து, இங்கிலீஷில் போய் முடிப்பார். காசு போடுகிறேன், ஆனால் ஒரு கம்பெனியாவது இதை வாங்குவதாகச் சொல்ல வேண்டும் என்றார். உடனே எட்சன் எந்தக் கம்பெனியைப் பிடித்தார் என்கிறீர்கள்? ஊரில் நூறு கம்பெனி இருக்க, நான் வேலை செய்கிற கம்பெனியைத்தான். எங்கள் எச்.ஆர். ராஜலட்சுமி மேடத்துக்கே போன் போட்டு, நாட்றாம்பாளையத்திலிருந்து வரும் உங்கள் லேடீஸ் பஸ்ஸில் செய்து காட்டுகிறேன், வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

வேண்டவே வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஏனென்று சொல்ல வேண்டும்.

நான் அங்கே ட்ரெய்னி. மாதக் கடைசியில் எங்கள் பேட்சுக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வரவேண்டும். வீட்டில் வருகிற ஒரே சம்பளம் என்னுடையது. அதோடு நான் மூன்று மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் பெர்மனென்ட் கிடையாது என்று எந்த நோட்டீஸ் போர்டிலும் எழுதி வைக்க மாட்டார்கள். ஆனால் காலையில் பாத்ரூமில் வாந்தி எடுத்த ட்ரெய்னி ஒருத்திக்கும் ஆர்டர் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதனால்தான் எங்கள் மலை பஸ்ஸில் ஒரு வழக்கம். ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தால் பஸ் முழுக்கக் குமட்டும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரை வாயில் வைத்துக்கொண்டு சும்மாவாவது ஓங்கரிப்போம். கம்பெனி வாசலில் எல்லோரும் வாடிய கீரையாக இறங்குவோம். யார் வாந்தி பஸ் வாந்தி, யார் வாந்தி பிள்ளை வாந்தி என்று எந்த மேடத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கேட்டால், அந்த ரோடு அப்படி மேடம், வளைவு ஜாஸ்தி. இப்படித்தான் எத்தனையோ பேர் வயிறு தெரிவதற்குள் பெர்மனென்ட் ஆனார்கள்.

இதையெல்லாம் எட்சனிடம் விளக்கமாகச் சொன்னேன். பஸ் வாந்தியை நீங்கள் நிறுத்திவிட்டால் நான் ஒருத்திதான் மிஞ்சுவேன், மாட்டிக்கொள்வேன் என்றேன். நம் கம்பெனி நல்ல விலைக்குக் கைமாறினால் உன் சம்பளமெல்லாம் சில்லறை என்றார். மேடம் காதுக்கு மட்டும் விஷயம் போகக் கூடாது என்று மாதா படத்தின் முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினேன். தாராளமாகச் செய்தார்.

அன்றைக்குக் காலையில் வெங்கியும் மேடமும் அஞ்செட்டியில் பஸ் ஏறினார்கள். எட்சன் கல்யாணத்தில் தாம்பூலம் கொடுப்பதுபோல் எல்லோருக்கும் காப்பு மாட்டிவிட்டார். மாட்டும்போது, யாரும் வாந்தி எடுக்கக் கூடாது, பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். என்னவோ வாந்தி எங்கள் சொல்பேச்சுக் கேட்கிற மாதிரி.

தேன்கனிக்கோட்டை ரோட்டில் வளைவு தொடங்கியது. காப்பு விர்ரென்றது, எனக்கு வயிறும் விர்ரென்றது. பல்லைக் கடித்தேன். மேடம் எதிர் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மாதேஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாட்றாம்பாளையத்துக்காரி, பெர்மனென்ட் ஆகி ஒரு வருஷம், அவளுக்குப் பயமில்லை. காதோரம் குனிந்து, "உன் ஊட்டுக்காரன் பொழப்பு போனா போவட்டும்டி, உன் பொழப்ப பாரு" என்றாள். அடுத்த நொடி கவரை விரித்து ஓங்கரித்தாள் பாருங்கள், மகராசி, பஸ் அதிர்ந்தது. பின்சீட்டு பதில் கொடுத்தது. நடுசீட்டு சேர்ந்துகொண்டது. அந்தக் கூட்டத்தில் நானும் நிம்மதியாக எடுத்தேன்.

உண்மையான வாந்தி இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று வெங்கியுடையது. இந்தச் சத்தத்தைக் கேட்டு, பாவம், காலையில் தின்ற மசால் தோசையைத் தன் வெள்ளை ஷூவிலேயே இறக்கிவிட்டார். அவர் கையிலும் காப்பு அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

தேன்கனிக்கோட்டை டீக்கடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். வெங்கி வாய் கொப்பளித்துவிட்டு, இதில் காசு போடுவதற்குப் பதில் நான் எலுமிச்சந்தோப்பு வாங்குவேன் என்றார். ராஜலட்சுமி மேடம் சிரித்துக்கொண்டே, இந்த ரூட்டில் எப்போதும் இப்படித்தான் சார் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எட்சன் முகத்தைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. இரண்டு வருஷ உழைப்பு. வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டு நுணல் தன் வாயால் பெண்டாட்டியைக் கெடுத்தது.

"மேடம், பஸ்ஸை விடுங்க. மசக்கைக்கு இது நூறு பர்சென்ட். என் வொய்ஃபயே கேளுங்க, மூணு மாசம், வீட்ல இத போட்டா ஒரு தடவகூட வாந்தி எடுக்கறதில்ல."

மாதேஸ்வரி கையிலிருந்த கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்தாள்.

"அப்படியா ஜெசி? கங்கிராட்ஸ்" என்றார் மேடம். ரொம்ப இனிமையாகச் சொன்னார். பிறகு எட்சன் பக்கம் திரும்பி, இதில் யார் யாருக்குக் குமட்டுகிறது, எத்தனை மணிக்குக் குமட்டுகிறது என்று பதிவாகுமா என்று கேட்டார்.

பழைய செல்போன் மோட்டாரில் என்ன பதிவாகும்? மண்ணாங்கட்டி பதிவாகும். ஆனால் என் வீட்டுக்காரர் இமைக்காமல், ஆகும் மேடம், உங்கள் செல்லுக்கே மெசேஜ் வரும் என்றார். பஸ்ஸில் ஏறினால்தான் குமட்டுகிறதா, இறங்கிய பிறகும் குமட்டுகிறதா என்றுகூடப் பிரித்துக் காட்டும் என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். மேடம் தலையாட்டினார். ட்ரெய்னி பெண்களின் ஆரோக்கியத்தில் கம்பெனிக்கு ரொம்ப அக்கறை உண்டு, எல்லோருக்கும் வாங்கிவிடலாம் என்றார். வெங்கி வாந்தியையெல்லாம் மறந்து, காசு போடுகிறேன் என்று அந்த இடத்திலேயே எட்சனுக்குக் கை கொடுத்தார்.

மாதக் கடைசியில் எங்கள் பேட்சில் எல்லோருக்கும் ஆர்டர் வந்தது. என்னை மட்டும் கூப்பிட்டு, ட்ரெய்னிங் முடிந்துவிட்டது, கேட்பாஸைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார் மேடம். காரணம் கேட்டேன். ஒன்றும் இல்லைம்மா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். எட்சன் ஆறுதல் சொன்னார். நல்லதாகப் போயிற்று, இனிமேல் நம் கம்பெனிதான், முன்னறையில் உட்கார்ந்து காப்பு பேக்கிங் பண்ணு என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பளம் உண்டா, பெர்மனென்ட்டா என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார். முதலாளி ஆகிவிட்டாரே, யோசிக்க வேண்டாமா?

"மொதல்ல கொழந்த பொறக்கட்டும் ஜெசி, அப்பறமா பாக்கலாம்" என்றார்.

அந்த ராஜலட்சுமி மேடம்கூட இதை வாய் திறந்து சொல்லவில்லை.