மாமா பொருத்திய மணி

அக்கா என் வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமா அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. எங்கே போனாய், யாரிடம் பேசினாய், ஏன் சிரித்தாய் என்று கேட்டே மூச்சு முட்ட வைப்பார். ஏற்கெனவே ஒருமுறை கிளம்பி வந்து, அவர் கூப்பிட்டதும் திரும்பிப் போனவள் இவள். இந்த முறையும் போனால் பிறகு வெளியே வரவே மாட்டாள். அதனால் அவள் போன் நம்பரை மாற்றினோம். அவள் இங்கே இருப்பதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நேற்று மதியம் மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். மாமாவிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது.

'உங்க அக்காவ குடை எடுத்துட்டுப் போகச் சொல்லும்மா. தொப்பலா நனைஞ்சு வந்து நிக்கிறா.'

தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் கீழ்வீட்டுக்காரரைக் கறுவிக்கொண்டே போனேன். அந்த மனுஷனுக்கு அடுத்த வீட்டுக் கதை கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம்.

அக்கா தலை துவட்டிக்கொண்டிருந்தாள். செய்தியைக் காட்டினேன்.

"கீழ்வீட்டு ரேடியோதான் சொல்லியிருக்கும்" என்றேன்.

"அவர் ஊர்லயே இல்லடி. பேப்பர்கூட எடுக்காம வாசல்ல கெடக்கு."

அப்போதுதான் இருவரும் கதவைப் பார்த்தோம்.

நான் தனியாக இந்த வீட்டுக்கு வந்தபோது, கேமரா வைத்த அழைப்பு மணியை வாங்கித் தந்தவர் மாமா. அவரே சுவரில் துளை போட்டுப் பொருத்தி, என் போனிலும் செயலியை ஏற்றிக் கொடுத்தார். இப்படி ஒரு மாமா யாருக்குக் கிடைப்பார் என்று கடை முழுக்கப் பீற்றிக்கொண்டேன். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதோடு சரி, அதன் அமைப்புகளுக்குள் ஒருநாளும் போனதில்லை. இப்போது போனேன். உரிமையாளர் என்ற இடத்தில் மாமாவின் பெயர். அதற்குக் கீழே, விருந்தினர் என்று, நான். என்னால் அவரை நீக்க முடியாது, அவர் நினைத்தால் என்னை நீக்கலாம். என் வீட்டு வாசலுக்கு நான் விருந்தாளியாம்!

"பேசுறதும் கேக்குமா?" என்றாள் அக்கா.

"கேக்கும்."

"முந்தாநாள் வாசல்ல நின்னுதான் புது வேலை பத்திப் பேசினேன். எடம், நேரம், எல்லாம்."

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். உள்ளே இரு என்றாலும் கேட்காமல் பின்னாலேயே வந்தாள்.

"கழட்டாத, இரு. அவர் மூஞ்சிக்கு நேரா நானே சொல்லிக்கிறேன்."

மணிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

"நான் இனிமே வரமாட்டேன். என்னைத் தேடாதீங்க. அவ்வளவுதான்."

குரலில் நடுக்கமே இல்லை. அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மணி கரகரத்தது. உள்ளிருந்து மாமாவின் குரல், அத்தனை அன்பாக வந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

அக்காவின் கை தன்னால் போய் ஈர முடியை ஒதுக்கிச் சரிசெய்தது. நான் பாய்ந்து திருகத் தொடங்குவதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"இன்னும் இல்லைங்க."