சாம்பலோடு சேராத தோல்

இப்போதைய சனத்துக்கு வருத்தக்காரரைப் பார்க்க வரத் தெரியாது. கட்டிலருகே நின்றவுடன் போனைத் தூக்கிப் படம் பிடிக்குதுகள். பிறகு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் "ஐயோ" என்குதுகள். என் மனைவி பத்மாசனி பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோதும் அப்படித்தான் வந்து போனார்கள்.

அவளுக்கு முதலில் வாயில் புண். பிறகு முதுகிலும் நெஞ்சிலும் நீர்க்கொப்புளம். எங்கள் சல்லிக் கடற்கரை ஊரில் அதைப் பார்க்கிற எவரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: அம்மாள் வந்திருக்கிறாள். வாசல் படலையில் வேப்பிலை கட்டினோம். மீன் பொரிக்கவில்லை, தாளிக்கவில்லை. அம்மாள் வந்த உடம்புக்கு மருந்து கொடுப்பது குற்றம். வேப்பிலையில் கிடத்தி, தண்ணீர் வார்க்கும் நாளுக்காகக் காத்திருந்தோம். கொப்புளம் காயவில்லை. தோல் சேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

கப்பல்துறையில் கட்டிக்கொடுத்த மகள் கஜந்தினி வந்து, வேப்பிலையை விலக்கிப் பார்த்துக் கத்தினாள்.

"அப்பா, அம்மாள் எண்டால் இவ்வளவு நாளைக்கு நிப்பாவோ? அவிஞ்செல்லே கிடக்கிறா!"

"தெய்வத்தை நக்கலடியாதை."

"தெய்வம் நிக்கட்டும். நீங்கள் ஓட்டோவைக் கூப்பிடுங்கோ."

ஆஸ்பத்திரியில் தோல் டாக்குத்தர் ஷிஃபானா. என் மகளின் வயதுகூட இராது.

"ஐயா, தோலில இருக்கிற சின்னச் சின்ன உயிர்க்கலங்களை ஒண்டோட ஒண்டு பிடிச்சு வைக்க ஒரு பசை மாதிரிச் சாமான் இருக்கு. இவட உடம்பே அதை எதிரி எண்டு நினைச்சு அழிக்குது."

நான் பலகை வள்ளம் ஓட்டினவன். இடுக்கில் பஞ்சடைக்காமல் கடலில் இறக்கமாட்டோம்.

"தன்ர வள்ளத்துப் பஞ்சைத் தானே பிடுங்கிறவன் ஆர் பிள்ளை?"

"ஏன் பிடுங்குது எண்டுதான் உலகமெல்லாம் தேடுகினம். வெளிநாட்டில நோயாளியின்ர இரத்தத்தில இருந்தே கலங்களை எடுத்து, பிழை செய்யிற கலங்களை மட்டும் அடிக்கப் பழக்கிப் பாக்கினம். இன்னும் முடிவாகேல்லை."

"அப்ப இவளுக்கு?"

"இருக்கிற மருந்தைக் குடுக்கிறம். பிந்தி வந்திட்டீங்கள் ஐயா. கிருமி ஏறீட்டுது."

பிறகு ஆராய்ச்சிக்கென்று, கெடாத தோலில் ஒரு துண்டு கேட்டாள்.

"ஏலாது. உரிஞ்சு கிடக்கிறவளை இன்னும் உரிக்கவோ?"

கட்டிலிலிருந்து பத்மாசனி மெதுவாகச் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, தோல் என்ரை. அரிசியளவுதானே. எடுக்கட்டும்."

எடுத்தார்கள். ஐப்பசி மழையோடு அவள் போய்விட்டாள்.

எரித்த மறுநாள் சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும். சாம்பல் முட்டியைக் கரையில் மருமகனிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

"அந்தத் துண்டைத் தா பிள்ளை. அவள் முழுசாய்ப் போகவேணும்."

ஷிஃபானா கதிரையை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"ஐயா, அது இஞ்ச இல்லை. கொழும்பில ஆய்வுகூடத்தில வளருது."

"என்ன வளருது?"

"அவட தோல் கலங்கள்."

நெருப்பு வைத்த கை என் கை. அவள் வளருகிறாளாம்.

போனை நீட்டினாள். ஒரு படம். மீன் செதில் போல ஒன்றோடொன்று நெருங்கி, இடுக்கே இல்லாமல் நின்றன.

"பசையை அழிக்கிற அவட இரத்தம் படாத இடத்தில எப்பிடி ஒட்டி நிக்குது, பாருங்கோ."

பார்த்தேன். புரட்டிப் படுக்க வைத்தபோதெல்லாம் என் உள்ளங்கையோடு கழன்று வந்த தோல்.

"உங்கட வேலை முடியத் திருப்பித் தருவீங்களோ?"

"திருப்பிக் குடுக்க வேண்டாமெண்டு அவவே என்னட்டச் சொன்னவ. இன்னொருத்தியை வேப்பிலையில கிடத்தக் கூடாதாம்."

நாற்பது வருசம் என்னோடு கிடந்தவள். எனக்குச் சொல்லாததை நேற்று வந்த டாக்குத்தரிடம் சொன்னாளாம். அந்தப் படத்தில் இருந்தது மீன் செதிலாகவும் இருக்கும். ஆர் கண்டது?

"ஐயா, மழை பெய்யுது, நிண்டு போங்கோ."

நிற்கவில்லை. அந்தத் துண்டு சேராத குறைச் சாம்பலைக் கரைக்க, மருமகன் காத்திருந்த கரைக்குப் போனேன்.