முப்பதாம் நாள் பந்திக்குப் போன சேவல்

மனைவி அருள்செல்வி இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்த வின்சென்ட், இரண்டு துண்டு கறியைத் தின்ற பிறகுதான் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கம்பிவலைக்குள் பெட்டைகள் இரண்டும் நின்றன. சேவலைக் காணோம்.

மைத்துனர் அமிர்தராஜ் பார்த்த வேலை அது. தேவாரம் ஊரிலிருந்து வந்த சொந்தங்களுக்கு பிராய்லர் போட்டால் தங்கச்சிக்கு மரியாதை இல்லை என்று, கொல்லையில் ஆகப் பெரிதாக நின்றதைப் பிடித்து அறுத்துவிட்டார். பிடிக்க ஒரு பாடும் இல்லை. யார் கை நீட்டினாலும் அது நடந்து வந்து நிற்கும். ஐந்து கிலோ உடம்பு, விரல் வரைக்கும் இறகு மூடிய கால்கள், கொத்தத் தெரியாத குணம்.

பிரம்மா என்பது அந்த ரகத்தின் பெயர். மூன்று வருடத்துக்கு முன் கட்டப்பனையில் ஒரு மலையாள டீச்சரிடம் வாங்கிய மூன்று குஞ்சுகளை, அட்டைப்பெட்டியில் போட்டு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள் அருள்செல்வி. இரண்டு பெட்டை, ஒரு சேவல். அடையில் உட்கார்ந்தால் பெட்டையின் பாரத்திலேயே முட்டைகள் நொறுங்கின. அடுத்த வருடம் வேறு வழி பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குள் அவளே போய்விட்டாள்.

வின்சென்ட் இலையை மூடிவிட்டு எழுந்தார். அது தங்கச்சி ஆசையாய் வளர்த்த சேவல் என்பது பின்னால் தெரிந்து, அமிர்தராஜ் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

அந்த வம்சம் அற்றுப்போகாமலிருக்க வழி சொன்னது பக்கத்து வீட்டு ராஜாத்தி. திராட்சைத் தோட்டத்து வேலையோடு பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழியும் வளர்ப்பவள். பந்திக்கு மறுநாள் அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் கம்பிவலை அருகே நின்றாள்.

"உங்க மச்சான் தெரியாமச் செஞ்சாக, விடுங்கண்ணே. சேவல் போனாலும் பெட்டைக்குள்ள அதோட உசுரு பத்து நாளைக்கு நிக்கும். அதுவரைக்கும் இடுற முட்டை பொரிக்கும்."

இருபது வருடமாக அறிவியல் பாடம் எடுக்கும் வின்சென்ட்டுக்கு இது புதுச்செய்தி. அன்றிலிருந்து ஒவ்வொரு முட்டையையும் துடைத்து, தேதி எழுதி, பத்திரமாக எடுத்து வைத்தார். ஐந்தாம் நாள் முட்டையெல்லாம் எங்கே என்று ராஜாத்தி கேட்க, ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வாத்தியாரு மூளை. பனிக்குள்ள வச்சா எந்தக் குஞ்சுண்ணே உங்களுக்கு உசுரோட வரும்? ஆம்லெட் போட்டுத் தின்னுங்க."

மீதி ஐந்து நாளில் ஏழு முட்டைதான் கிடைத்தது. தவிட்டில் புதைத்து வைத்தார்கள். ராஜாத்தி தன் வீட்டில் அடைக்கு வந்திருந்த குட்டைக் கோழியைக் கொண்டுவந்தாள். கூடையில் மணல் பரப்பி, இடிக்கு முட்டை கெடாமலிருக்க ஓர் ஆணி, அடுப்புக்கரி, வரமிளகாய் என்று வைக்கப்போனவள், சிலுவை மாட்டிய வேதக்காரர் வீடாயிற்றே என்று தயங்கினாள்.

"வை ஆத்தா, எல்லாத்தையும் வை," என்றார் வின்சென்ட்.

அடை வைத்த ஏழாம் நாள் நடுப்பகலில் ஜன்னலைப் போர்வையால் மூடி, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நான்கு வெறுமையாக இருந்தன. மூன்றில் மட்டும் சிவப்பு நூல் போல நரம்பு ஓடியது. ஆடிக்காற்று கூரைத் தகரத்தைத் தூக்கியடித்த அந்த இரண்டு வாரமும் வின்சென்ட் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கூடைக்குத்தான் வந்தார். இருபத்தொன்றாம் நாள் இரண்டு குஞ்சுகள் வெளியே வந்தன. மூன்றாவது ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இரண்டும் பெட்டையாக இருந்தால் பட்ட பாடு அத்தனையும் வீண். வளர்ந்தால்தான் தெரியும் என்றாள் ராஜாத்தி. இரண்டு மாதத்தில் குஞ்சுகள் அடைகாத்த குட்டைக் கோழியைத் தாண்டி வளர்ந்தன. இறக்கையை விரித்து அது அவற்றின் மேல் உட்கார்ந்தால், இரண்டும் அதையே தூக்கிக்கொண்டு நடந்தன.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம். காலையில் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தார் வின்சென்ட். கொல்லையில் தொண்டை கட்டியது போல ஒரு சத்தம் எழுந்து, பாதியில் உடைந்தது. மறுபடி வந்தது. இம்முறை முழுக் கூவல்.

நுரையைத் துடைக்காமலே அமிர்தராஜுக்கு போன் போட்டார். அவர் எடுத்ததும், பேசாமல் போனை வலைப்பக்கம் நீட்டினார்.

"ஏது மாப்ள சேவல்?" என்று கேட்டார் அமிர்தராஜ்.

"அருளு வளத்த சேவலோட மகன். ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்துட்டு இங்கன சாப்பிடுங்க மச்சான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சாம்பார்தான் வைப்பேன்," என்றார் வின்சென்ட்.