கரையோரப் பள்ளம்

அந்த ஊர் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவளை எல்லோரும் ஸ்கேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அதே இருட்டறை, அதே சக்கரம் வைத்த ஸ்டூல். படுத்திருப்பவரின் வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்தி, திரையில் வரும் சாம்பல் நிறப் படத்தைப் பார்ப்பாள். பார்த்ததைச் சொல்ல மாட்டாள். சொல்வது டாக்டர் வேலை. "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பவர்கள் அவள் முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் கிடைக்காது.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்தியதில் அவருக்கே கிளட்ச் என்று பெயர் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கத்த மாட்டார். ஊருக்கு மேலே இருக்கும் ஏரியில் சின்ன ஃபைபர் படகில் தூண்டில் போட்டபடி உட்கார்ந்திருப்பார். போன வருடம் ஒரு ஃபிஷ் ஃபைண்டர் வாங்கிப் படகில் மாட்டினார். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து ஏரித் தரையையும் நடுவில் இருக்கும் மீனையும் திரையில் காட்டும் கருவி அது. அது வந்த பிறகு வீட்டுக்கு வரும் மீன் குறைந்துபோனது. திரையைப் பார்க்கிற மும்முரத்தில் மனுஷன் தூண்டிலை மறந்துவிடுகிறார் என்று அவள் கிண்டல் செய்வாள்.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் அவர் கருவியின் மெமரி கார்டை எடுத்துவந்து கம்ப்யூட்டரில் போட்டார். மூன்று ஞாயிறுகளின் பதிவு அதில் இருந்தது. ஒரே இடத்தில் பெரிய மீன் கூட்டம் தொடர்ந்து கீழே இறங்குகிறது, ஆனால் ஒன்றுகூடத் தூண்டிலைத் தொடவில்லை, நீதான் படம் படிக்கிறவளாயிற்றே, என்னவென்று சொல் என்றார். அவள் துணி மடித்துக்கொண்டே பார்த்தாள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. ஆஸ்பத்திரித் திரையில் இடம் வலம் என்றால் உடம்பின் இடம் வலம். இதில் அப்படி இல்லை என்று அவர் விளக்கினார். வலது ஓரத்தில் இருப்பது இந்த நொடி, இடது பக்கம் தள்ளிப்போவது கொஞ்சம் முன்னால் நடந்தது. படகு நகர்ந்தால் தரையின் மேடு பள்ளம் தெரியும். படகு நின்றுவிட்டால் தரை வெறும் கோடாக ஓடும். மீன் குறுக்கே போனால் வில் மாதிரி வளையும். கெட்டித் தரை தடித்த கோடு, சேறு மெல்லிய கோடு.

அவ்வளவு தெரிந்ததும் அவள் கை துணியில் நின்றுவிட்டது. ஒன்பது மீட்டர் ஆழத்தில் சமமாக வந்த தரை ஒரு இடத்தில் சட்டென்று உள்ளே இறங்கி மறுபடி ஏறியிருந்தது. அந்தக் குழிக்கு மேல் படகை நிறுத்தியிருந்த நேரத்தில், மெல்லிய கோடுகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்து குழிக்குள் போய்க்கொண்டே இருந்தன.

"மீன் எல்லாம் ஒரே சாய்வுல கீழே போகுமா?" என்று கேட்டாள்.

"கூட்டமாத்தானே போகும்."

"போனதுல ஒண்ணாவது திரும்பி மேல வந்துச்சா?"

அவர் பின்னால் ஓட்டிப் பார்த்தார். இருபது நிமிடப் பதிவில் மேலே ஏறிய கோடு ஒன்றுகூட இல்லை.

"இது மீன் இல்லீங்க. சருகு, குப்பை. ஏதோ உள்ளே இழுக்குது."

மற்ற இரண்டு ஞாயிறுகளின் பதிவையும் போடச் சொன்னாள். முதல் வாரம் அந்த இடத்தில் அரை மீட்டர் பள்ளம். அடுத்த வாரம் ஒன்றரை. இந்த வாரம் ஏறக்குறைய மூன்று. சுற்றியுள்ள தரை மூன்று வாரமும் அதே ஒன்பது. எங்கே இது என்று கேட்டாள். அவர் கொஞ்சம் தயங்கி, ஏரிக் கரையை ஒட்டி, மதகுக்குக் கிழக்கே என்றார்.

கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் படகு போகக் கூடாது என்று அங்கே பலகை இருக்கிறது. அந்தப் பலகைக்கு வருடா வருடம் பெயின்ட் அடிப்பவரே அவருடைய தம்பிதான். ஏரியின் மதகு ஆபரேட்டர். ஷட்டரை ஏற்றி இறக்குவதும், கரையைச் சுற்றிப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவதும் அவர் வேலை. அண்ணன் படகு பலகையைத் தாண்டும்போது தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். விஷயம் வெளியே போனால் முதலில் அவர் தலைதான் உருளும். அடுத்த ஞாயிறு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று கணவர் சொன்னார். அவளும் சரி என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒலி கீழே போகப் போகக் கூம்பாக விரியும். ஒன்பது மீட்டரில் அது மூன்று மீட்டர் அகல வட்டம். அந்த வட்டத்துக்குள் எது மேடோ, அதன் எதிரொலிதான் முதலில் வரும். சின்னக் குழியாக இருந்தால் விளிம்பே அதை மூடி மறைத்துவிடும். மறைக்க முடியாத அளவு தெரிகிறது என்றால் குழி பெரிது. காட்டுவதைவிட ஆழமும் அதிகம். புதன்கிழமை ஒரு நோயாளியின் வயிற்றில் கருவியை வைத்தவள், எவ்வளவு நேரமாக அதே இடத்தில் வைத்திருக்கிறோம் என்று தெரியாமல் இருந்தாள். அந்த அம்மா பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு காலை அவளும் படகில் ஏறினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. வெயில் பளிச்சென்று இருந்தது. தண்ணீர் அசையவில்லை. கரைப் பக்கம் நெருங்கியதும் திரையில் மீன் வில்கள் குறைந்து, பிறகு ஒன்றுகூட இல்லாமல் போயின. தரைக் கோடு மடிந்து இறங்கியது. பதின்மூன்று மீட்டர்.

கணவர் தூண்டில் கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கினார். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்திருந்தார். பதின்மூன்றில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. பதினைந்து, பதினேழு. அதன் பிறகு கயிறு நேராக இறங்காமல் சாய்ந்தது. கரையை நோக்கிச் சாய்ந்தது. அவர் விரலுக்கு நடுவே முடிச்சுகள் தாமாக நழுவிப் போயின. இருபத்திரண்டாவது முடிச்சோடு கயிறு முடிந்து, விண்ணென்று இழுபட்டு நின்றது. அவர் கத்தியை எடுத்து அறுத்துவிட்டார். அறுபட்ட முனை ஒரு நொடிகூட மிதக்காமல் உள்ளே போனது.

கரை ஏறி நேராக மதகு அறைக்குப் போனார்கள். தம்பி கேட்டுவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். அண்ணனைப் படகோடு உள்ளே விட்டதற்கு வேலை போய்விடும், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று கெஞ்சினார். கரைக்கு அடியில், வெளிப்பக்கத்தில், கசிவு நீர் ஓடும் சின்ன வாய்க்கால் ஒன்று இருந்தது. எந்த மண் கரையிலும் கொஞ்சம் கசியும், தெளிவாகக் கசிந்தால் பயமில்லை, கலங்கி வந்தால்தான் உள்ளே மண் அரிக்கிறது என்று தம்பியே எப்போதோ வீட்டில் சொல்லியிருந்தார்.

"தம்பி, கீழ வாய்க்கால் தண்ணி எப்படி வருது?"

அவர் ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். தினமும் ஒரே வார்த்தை. தெளிவு, தெளிவு, தெளிவு.

"புத்தகத்தை விடுங்க. போய்ப் பார்ப்போம்."

கரைச் சரிவில் புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. அதில் ஆள் நடந்த தடமே இல்லை. கீழே வாய்க்கால் செங்கல் கரைத்த நிறத்தில், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் தண்ணீர் பாட்டிலில் அதைப் பிடித்தாள். அந்த இடத்தில் நின்று பார்த்தால் கீழ்த்தெருவின் வீட்டுக் கூரைகள் தெரியும். துணி காயும் மொட்டை மாடிகளில் மூன்றாவதாகத் தெரிவது தம்பியின் வீடு. அவர் மனைவி அங்கே வாளியோடு நின்று இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். யாரும் திருப்பி அசைக்கவில்லை.

ஞாயிறு என்று காத்திருக்காமல், ஏரியைக் கவனிக்கும் இன்ஜினியரின் வீட்டுக்கே போனார்கள். தம்பி பின்னால் வந்தார், ஆனால் வாசல்படி தாண்டவில்லை. கணவர் போனில் பிடித்துவைத்திருந்த ஏரித் தரைப் படத்தைப் பார்த்து இன்ஜினியர் சிரித்தார். மீன் பிடிக்கிற விளையாட்டுச் சாமானை வைத்துக் கரையைச் சோதிக்க முடியாது என்றார். தடை செய்த இடத்தில் படகு ஓட்டியதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறீர்களா என்று கணவரைக் கேட்டார்.

அவள் பாட்டிலை மேஜையில் வைத்தாள். வரும் வழியிலேயே அடியில் ஒரு விரல் கணு உயரத்துக்கு மண் படிந்திருந்தது.

இன்ஜினியர் அதைத் தூக்கிப் பார்த்தார். ரிஜிஸ்டரில் தெளிவு என்றுதானே இருக்கிறது, நேற்றுதான் கையெழுத்துப் போட்டேன், இது எங்கே பிடித்த தண்ணீர் என்றார். அவள் சொன்னாள். நம்பாமல் அவளையே பார்த்தார். அவள் முகம் எப்போதும்போல் இருந்தது. நாம் பதறாததால்தான் இவர் நம்பவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பதறுவது எப்படி என்றே மறந்துபோயிருந்தது.

வாசலில் இருந்து குரல் வந்தது.

"நான் பார்க்காமலேதான் எழுதினேன் சார். ரெண்டு மாசமா கீழ இறங்கவே இல்ல."

இன்ஜினியர் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே போனை எடுத்தார்.

மாலைக்குள் எல்லா ஷட்டர்களும் திறக்கப்பட்டன. திறந்தது தம்பிதான், அவர்தான் அந்த வேலைக்கு இருந்த ஒரே ஆள். கீழ்த்தெருவையும் அதை அடுத்த தெருவையும் காலி செய்யச் சொல்லி வண்டியில் மைக் வைத்துக் கத்தினார்கள். சனம் திட்டிக்கொண்டே மூட்டை கட்டியது. ஏரி வடிய ஒன்பது நாள் ஆனது. ஐந்தாம் நாள் கரையின் வெளிப்பக்கத்தில் ஒரு வேன் அளவு மண் சரிந்து விழுந்தது. அதற்குள் தண்ணீர் பாதிக்குக் கீழே போயிருந்ததால் கரை நின்றது.

தண்ணீர் வற்றியதும் பள்ளம் தெரிந்தது. ஐந்து மீட்டர் அகல வாய். அதற்குள் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொந்து, கரையின் வயிற்றுக்குள்ளே போயிருந்தது. உள்ளே இறங்கி அளந்தவர்கள், வெளிப்பக்கத்துக்கு இன்னும் இரண்டு மீட்டர் மண்தான் மிச்சம் இருந்தது என்றார்கள். அதை அடைக்க இரண்டு மாதம் லாரி லாரியாகக் களிமண் போனது.

தம்பியை வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்போது அண்ணனின் டிரைவிங் ஸ்கூலில் இரண்டாவது காரில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள், ஏரியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. காலி செய்யச் சொன்னதெல்லாம் வீண் அலைச்சல், ஒன்றுமே நடக்கவில்லையே என்று கீழ்த்தெருவில் இன்றும் சொல்கிறவர்கள் உண்டு.

முதல் மழைக்கு ஏரி மறுபடி நிரம்பத் தொடங்கியபோது தம்பியின் மனைவி ஸ்கேன் அக்காவை வீட்டுக்கு வரச் சொன்னாள். அடுக்களையில் பாயை விலக்கிவிட்டுத் தரையைக் காட்டினாள்.

"காதை வச்சுப் பாருங்க அக்கா. தண்ணி ஓடுற சத்தம் கேட்குது. அவரு இல்லைங்கிறாரு."

ஸ்கேன் அக்கா மண்டியிட்டுக் காதை வைத்தாள். தரை சில்லென்று இருந்தது. வெகுநேரம் கேட்டாள். மூச்சை அடக்கிக் கேட்டாள். பிறகு இடம் மாறி, சுவர் ஓரத்தில் வைத்துக் கேட்டாள்.

"எனக்கு எதுவும் கேட்கலம்மா," என்றாள்.

ஓரகத்தி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்த மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு மேல்தெருவுக்குக் குடிபோனாள்.