ஒப்பு விண்மீன்

காலை பத்து நாற்பது. பதினொன்றரைக்கு ஆரிஃபுக்கு வேலைக்கான நேர்காணல்.

சிங்காநல்லூர் வீட்டின் மாடியறையில் மோகனப்பிரியா கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஆரிஃபும் மூன்று ஆண்டுகளாக ஒரே விண்மீனை ஆராய்கிறார்கள். போய்ப் பார்க்க முடியாத தொலைவு. அங்கிருந்து வருவது ஒளி மட்டும். அது எத்தனை நாளுக்கு ஒருமுறை மங்குகிறது, எவ்வளவு மங்குகிறது என்று அளந்தால், குறுக்கே கடந்துபோகும் கோளின் அளவு தெரியும். ஆனால் மெல்லிய மேகம் வந்தாலும் ஒளி குறையும். அதனால் பக்கத்தில் ஒளி மாறாத விண்மீன் ஒன்றைப் பிடித்து, அதோடு ஒப்பிட்டுத்தான் அளப்பார்கள்.

அந்த ஒப்பு விண்மீனைத் தேர்ந்தெடுத்தவள் அவள்.

ஐந்து நாளுக்கு ஒருமுறை சில மணி நேரம் தங்கள் விண்மீன் மங்குகிறது, அதை ஒரு கோள் சுற்றுகிறது என்று எழுதினார்கள். கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. ஆரிஃப் இன்று நேர்காணலுக்குப் போயிருப்பது அதை நம்பித்தான்.

இன்று காலை அவள் வேறொரு வேலையாக ஒப்பு விண்மீனை அருகிலிருந்த வேறு மூன்று விண்மீன்களோடு வைத்துப் பார்த்தாள். ஐந்து நாளுக்கு ஒருமுறை அதுதான் கூடுதலாக ஒளிர்ந்தது. அதோடு ஒப்பிட்டதால் மங்கியதாகத் தெரிந்ததே தவிர, அவர்களுடைய விண்மீன் மங்கவே இல்லை.

கைபேசியை எடுத்து ஆரிஃபை அழைத்தாள்.

"சொல்லுங்க அம்மணி, வாழ்த்துச் சொல்லக் கூப்டீங்களா? எட்டுப் பேர் உக்காந்திருக்கோம். எல்லாரும் என்ற கழுத்து டையவே பாக்கறாங்க."

"அண்ணா, பிளானெட் இல்லீங்கண்ணா."

"நேத்து வரைக்கும் இருந்துச்சே. பொள்ளாச்சி பஸ் ஏறிப் போயிருச்சா?"

அவள் சொன்னாள். மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மறுமுனையில் யாரோ பெயர் வாசிக்கும் சத்தம் கேட்டது.

"ஏப்ரல்லயே கேட்டேனே அம்மணி, கம்பேரிசன் ஸ்டாரைச் செக் பண்ணியாச்சான்னு."

"பண்ணிப்போட்டேன்னு சொன்னேனுங்க. பழைய பட்டியல்ல மாறாததுன்னு இருந்துச்சு. அதை நம்பிப்போட்டேன். நானா அளந்து பாக்கலீங்க."

"ஜர்னலுக்கு மெயில் போட்டாச்சா?"

"எழுதி வெச்சிருக்கேன். உங்ககிட்டச் சொல்லாம அனுப்ப மனசு வரலீங்க."

அவன் குரல் தாழ்ந்து வந்தது.

"உள்ள அவங்க கேக்கப்போறதே அந்தப் பிளானெட்டப் பத்தித்தான். நான் இந்த ஃபோனை எடுக்கவே இல்லைன்னு வெச்சுக்கலாமா, அம்மணி?"